எட்டு மில்லிமீட்டர் யாப்பு

பிளாஸ்டிக் கட்டுமானக் கற்களால் கார் மாதிரிகளை வடிவமைக்கும் கலை, வளைவுகளாலேயே ஆன ஒரு பொருளை வளைய மறுக்கும் துண்டுகளால் உருவாக்கிக் காட்டும் கலையாகும். களிமண்ணில் கார் செய்பவர் விரலால் அழுத்தி வளைவைப் பெறலாம், மரத்தில் செய்பவர் இழைத்துப் பெறலாம். கல் அடுக்குபவருக்கு இவ்விரு வசதியும் இல்லை. அவர் கைக்கு வருபவை தொழிற்சாலையில் முன்பே வார்க்கப்பட்டு, அளவும் நிறமும் முடிவாகிவிட்ட துண்டுகள். அவற்றை வெட்டுவதும் தேய்ப்பதும் ஒட்டுவதும் வண்ணம் பூசுவதும் முறையல்ல என்பது இத்துறையில் பெரும்பாலோர் ஏற்றுக்கொண்ட மரபு. ஆகவே முடிந்த மாதிரி அசல் காரைப் போல இருக்கிறதா என்று பார்ப்பதோடு ரசனை நின்றுவிடுவதில்லை. எந்த வரம்புக்குள் நின்று அந்த ஒப்புமை எட்டப்பட்டது என்பதையும் அறிந்தவருக்கே இக்கலை முழுமையாகப் பிடிபடும்.

அந்த வரம்பை வகுத்தது டென்மார்க்கின் பில்லுண்ட் என்ற சிற்றூர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்ற தச்சர் 1932-இல் தொடங்கிய தொழிலே பின்னர் லெகோ நிறுவனமாக வளர்ந்தது. இன்று வழக்கில் உள்ள கல்லின் அமைப்புக்கு அவருடைய மகன் கோட்ஃபிரெட் 1958 ஜனவரி 28 அன்று காப்புரிமை கோரினார். கல்லின் மேற்புறத்தில் உருளைவடிவக் குமிழ்களும் உட்புறத்தில் குழாய்களும் இருப்பதால், மேலே வைக்கும் கல்லின் சுவரும் குழாயும் சேர்ந்து கீழ்க்கல்லின் குமிழைக் கவ்விக்கொள்கின்றன. இந்தக் கவ்வல்தான் பசையின் வேலையைச் செய்கிறது. ஒரு குமிழின் மையத்திலிருந்து அடுத்த குமிழின் மையம் வரை 8 மி.மீ., குமிழின் விட்டம் 4.8 மி.மீ., கல்லின் உயரம் 9.6 மி.மீ. என்பவை மாறாத அளவுகள். கல்லின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்காக, 3.2 மி.மீ. தடிப்புள்ள துண்டு ‘தகடு’ எனவும், குமிழ் இல்லாமல் மேற்புறம் வழுவழுப்பாக அமைந்த தகடு ‘ஓடு’ எனவும் இங்கே குறிக்கப்படும்.

யாப்பு என்ற சொல்லுக்குக் கட்டுதல் என்பதே பொருள். அசை, சீர், தளை ஆகியவற்றின் கணக்கு பிசகாமல் இருப்பது வெண்பாவுக்கு முதல் தேவையே தவிர அதுவே கவிதையாகிவிடாது. கணக்கு இருப்பதே தெரியாதபடி சொல்ல வந்தது இயல்பாக வந்து அமர்ந்திருந்தால்தான் தேர்ந்த வாசகர் தலையசைப்பார். கல் கார்களின் நிலையும் இதுவேதான்.

இந்த யாப்பில் முதல் அடி சக்கரம். லெகோவில் சக்கரம் 1962-இல் வந்தது. கதவையும் கூரையையும் கற்களால் கட்டிவிடலாம், ஆனால் உருளக்கூடிய வட்டமான டயரைக் கட்ட முடியாது, வார்த்துக் கிடைக்கும் அளவுகளில் ஒன்றைத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். எனவே தேர்ந்த வடிவமைப்பாளர் அளவு விகிதத்தைத் தம் விருப்பப்படி முடிவு செய்வதில்லை. டயரிடம் கேட்டு முடிவு செய்கிறார். ஃபோக்ஸ்வாகன் பீட்டில் காரை எடுத்துக்கொண்டால், அதன் டயரின் விட்டம் ஏறக்குறைய 65 செ.மீ.; லெகோவில் பரவலாகக் கிடைக்கும் டயர் ஒன்றின் விட்டம் 43.2 மி.மீ.; ஆக விகிதம் பதினைந்தில் ஒரு பங்கு என்று தானாக அமைகிறது. முன் சக்கர மையத்துக்கும் பின் சக்கர மையத்துக்கும் இடையே அசலில் உள்ள 2.4 மீட்டர், மாதிரியில் 160 மி.மீ., அதாவது சரியாக 20 குமிழ்கள் ஆகிறது, 4.08 மீட்டர் நீளம் 34 குமிழ்கள் ஆகிறது. ஆனால் 1.54 மீட்டர் அகலம் மட்டும் 12.8 குமிழ்கள் என்று முரண்டு பிடிக்கிறது. 12 எனக் கொண்டால் கார் ஒடுங்கிவிடும்; 13 எனக் கொண்டால் அகலம் ஒற்றைப்படையாகி, இரட்டைப்படை அகலமுள்ள துண்டுகளை நடுவில் பொருத்த முடியாமல் போகும். அப்போது இரு குமிழ் நீளத்தின் நடுவே ஒரே குமிழை மட்டும் கொண்ட தகடு உதவிக்கு வருகிறது. அது மேலே வருவதை அரைக் குமிழ், அதாவது 4 மி.மீ., நகர்த்தி உட்கார வைக்கும். இந்த விகிதத்தில் ஒரு குமிழ் பிசகினால் அசல் காரில் 12 செ.மீ. பிசகியதற்குச் சமம் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்த 4 மில்லிமீட்டரின் மதிப்பு விளங்கும்.

அடுத்தது வளைவு. கற்களை மேல்நோக்கி அடுக்கிக்கொண்டே போனால் எந்த வளைவும் படிக்கட்டாகத்தான் முடியும். இதிலிருந்து மீள உருவான முறைக்குக் கட்டுநர்கள் ‘ஸ்னாட்’ என்று பெயரிட்டிருக்கிறார்கள். குமிழ்கள் மேலே பார்க்காமல் பக்கவாட்டிலோ கீழ்நோக்கியோ பார்க்கும்படி கட்டுவதே அதன் பொருள். கற்களைப் படுக்கவைத்துக் கட்டினால் அளவு ஒத்துவருமா என்ற கேள்விக்கு எளிய கணக்கு ஒன்று விடையளிக்கிறது: ஐந்து தகடுகளை அடுக்கினால் வரும் உயரம் 16 மி.மீ., இரண்டு குமிழ்களின் அகலமும் 16 மி.மீ. இந்த ஒரு சமன்பாட்டால் நிமிர்ந்து நிற்கும் பகுதியும் பக்கவாட்டில் படுத்திருக்கும் பகுதியும் இடைவெளியின்றிச் சேர்கின்றன.

இதற்கு உதவும் துண்டுகளில் ரசிகர்கள் தனியே எடுத்துப் பார்க்கத் தக்கது ‘ஹெட்லைட் கல்’. ஒரு குமிழ் அளவே உள்ள இச்சிறு கல்லின் முகத்தில் பக்கவாட்டுக் குமிழ் ஒன்று இருக்கிறது. அது முகத்தின் மட்டத்திலிருந்து தொடங்காமல் 1.6 மி.மீ., அதாவது தகட்டின் பாதித் தடிப்பு, உள்ளே தள்ளி அமைந்திருக்கிறது. ஆகவே அதன்மீது ஓர் ஓட்டைப் பொருத்தினால், ஓட்டின் பாதி உள்ளே அடங்கிப் பாதி வெளியே நிற்கும். பானெட்டின் விளிம்பு பம்பரைவிட ஒரு நூல் மட்டும் முன்னே வரவேண்டும் என்னும் இடங்களில் இந்தப் பாதித் தடிப்பு செய்யும் வேலையை வேறு துண்டுகள் எளிதில் செய்துவிடுவதில்லை.

நிறுவனமே வெளியிட்ட இரண்டு பீட்டில் மாதிரிகளை அருகருகே வைத்துப் பார்த்தால் இக்கலை வந்த தூரம் தெரியும். 2008-இல் வந்த மாதிரியில் 1,626 துண்டுகள் உள்ளன. உருவத்தில் பெரியதாயினும், குமிழ்கள் வெளியே தெரிய அதன் வளைவுகள் படிப்படியாகவே இறங்குகின்றன. 2016-இல் வந்த மாதிரியோ அளவில் சிறியது, துண்டுகளும் 1,167-தான். எனினும் வளைந்த சரிவுக்கற்களும் பக்கவாட்டுக் கட்டும் சேர்ந்து மட்கார்டுக்கும் பானெட்டுக்கும் பீட்டிலுக்கே உரிய உருண்டையைத் தருகின்றன. துண்டுகளின் எண்ணிக்கையை வைத்து ஒரு மாதிரியின் உயர்வைக் கணிப்பது எவ்வளவு தவறு என்பதற்கு இந்த இணையே போதிய சான்று.

வடிவம் கைகூடிய பின்னும் நிறம் என்ற தடை காத்திருக்கிறது. எல்லாத் துண்டுகளும் எல்லா நிறங்களிலும் வார்க்கப்படுவதில்லை. சிவப்பில் தாராளமாகக் கிடைக்கும் ஒரு வளைவுத் துண்டு அடர்பச்சையில் வெளிவராமலே இருக்கக்கூடும். கணினித் திரையில் வடிவமைப்போருக்கு இந்தத் தடை சற்று மறைந்திருக்கும். ஆஸ்திரேலியரான ஜேம்ஸ் ஜெஸ்ஸிமன் 1995-இல் உருவாக்கிய ‘எல்டிரா’ மென்பொருளிலிருந்து வளர்ந்த இவ்வழி, கையில் இல்லாத துண்டையும் வைத்துப் பார்க்கும் சுதந்திரத்தைத் தந்தது. ஆனால் திரையில் கார் தன் எடையைத் தானே தாங்க வேண்டியதில்லை, கூரை நடுவில் தொய்வதுமில்லை. கையில் எடுத்தும் உதிராத மாதிரிக்கே மதிப்பு உண்டு.

கவ்வலின் நேர்மை இக்கலையின் இன்னொரு அளவுகோல். அடுத்தடுத்த இரு குமிழ்களுக்கு இடையே உள்ள வெளி 3.2 மி.மீ., தகட்டின் தடிப்பும் அதே 3.2 மி.மீ. என்பதால், குமிழ்களின் நடுவே ஒரு தகட்டைச் செங்குத்தாகச் செருகிவிட முடியும். கணக்குப்படி சரியாகத் தோன்றும் இந்தச் செருகல், உண்மையில் குமிழ்களைப் பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டே இருப்பதால், நிறுவனத்தின் வடிவமைப்பாளர்கள் இதைத் தவிர்க்கிறார்கள். வெண்பாவில் சீரை நிரப்புவதற்காகச் சொல்லைப் பிளக்கும் வகையுளி எப்படியோ, அப்படிப்பட்டது இது. தளை தட்டவில்லை என்றாலும் சொல் வலிக்கிறது.

வெளித்தோற்றத்தோடு நில்லாமல் உள்ளுறுப்புகளையும் இயங்கச் செய்யும் கிளை ஒன்று 1977-இல் தோன்றிப் பின்னர் ‘டெக்னிக்’ எனப் பெயர் பெற்றது. அவ்வாண்டின் கார் சேஸிஸ் மாதிரியிலேயே ஸ்டீயரிங்கைத் திருப்பினால் முன்சக்கரம் திரும்பியது, காரை உருட்டினால் இன்ஜினின் பிஸ்டன்கள் ஏறி இறங்கின; 1994-இல் வந்த சூப்பர் கார் நான்கு சக்கர இயக்கமும் நான்கு சக்கரத் திருப்பமும் நான்கு வேக கியரும் கொண்டிருந்தது. இவற்றின் அழகு கண்ணுக்குத் தெரிவதைவிடக் கைக்குத் தெரிவது அதிகம். தோலுக்குக் கீழே எலும்பு எப்படி ஓடுகிறது என்பதை அறியாதவர் தோலையும் சரியாக வரைய முடியாது என்பதை இக்கிளை உணர்த்துகிறது.

பிரம்மாண்டத்துக்கும் இக்கலையில் இடம் உண்டு. 2018-இல் டெக்னிக் துண்டுகளைப் பெருமளவில் கொண்டு அசல் அளவிலேயே கட்டப்பட்ட புகாட்டி சிரோன், பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட துண்டுகளும் 2,304 சிறு மோட்டார்களும் ஏறத்தாழ ஒன்றரை டன் எடையும் கொண்டு, ஆளை ஏற்றியபடி மணிக்கு 20 கி.மீ. வேகத்துக்கு மேல் ஓடியது. பொறியியல் சாதனையாக அது வியப்புக்குரியதே. ஆயினும் அவ்வளவு பெரிய உருவில் ஒரு துண்டு என்பது ஓவியத்தில் ஒரு புள்ளியைப் போலத்தான். எந்த வளைவையும் புள்ளிகளைக் கூட்டி எட்டிவிடலாம். ‘ஸ்பீட் சாம்பியன்ஸ்’ வரிசையின் சிறு கார்கள் 2015-இல் ஆறு குமிழ் அகலத்தில் தொடங்கி, 2020-இல் எட்டுக் குமிழுக்கு விரிந்தன. ஆறு குமிழ் என்பது 48 மி.மீ. மட்டுமே. அதற்குள் ஒரு காரை அடையாளம் காட்ட வேண்டுமானால் எந்தக் கோட்டை வைப்பது, எதை விடுவது என்று ஒவ்வொரு துண்டுக்கும் முடிவு செய்தாக வேண்டும். அந்த முடிவுகளில்தான் கலைஞரின் கண் வெளிப்படுகிறது. பத்து லட்சம் துண்டுகளின் காரைவிட உள்ளங்கையில் அடங்கும் காரே இக்கலையின் உயர்ந்த வடிவம் என்று சொல்வதில் தவறில்லை.

கல் கார் ஒன்றைப் பார்க்க வாய்க்கும் வாசகர், அதை மேலிருந்து பார்க்காமல் சக்கரத்தின் மட்டத்துக்குக் கண்ணைத் தாழ்த்திப் பக்கவாட்டில் பார்ப்பது நல்லது. முன் மட்கார்டு முடிந்து கதவு தொடங்கும் இடத்தையும், முன்கண்ணாடி சாய்ந்து கூரையைத் தொடும் இடத்தையும் சற்று நின்று நோக்க வேண்டும். கட்டியவர் திணறியிருந்தால் அவ்விரு இடங்களிலும் அது தெரிந்துவிடும், வென்றிருந்தால் அங்கே கல் இருப்பதே நினைவுக்கு வராது.