மொழி ஒன்று, எழுத்து வேறு: திருப்பதிச் சுவடித் தொகுப்பும் அட்டவணை முறையும்

ஏ. டி. கேம்பல் 1816இல் வெளியிட்ட தெலுங்கு இலக்கணத்தின் முன்னுரையில் திருப்பதி பற்றிய குறிப்பு ஒன்று உள்ளது. திருமலைக் கோயிலில் ஆயிரக்கணக்கான செப்பேடுகள் காக்கப்பட்டு வருவதைக் கேள்வியுற்ற அவர், அவற்றைப் பார்த்துவர ஒருவரை அனுப்பினார். ஏடுகளுள் இலக்கண நூல் ஒன்று இருந்தது. அதற்குப் படி எடுக்கப்பட்டது. எஞ்சியவை யாவும் இறைவனைப் போற்றும் பாடல்களே என்று ஒரு தொடரில் கூறிவிட்டு அவர் மேற்செல்கிறார். தாள்ளபாக்க அன்னமாச்சாரியாரும் (1408-1503) அவர்தம் வழியினரும் பாடிய கீர்த்தனைகள் பொறிக்கப்பட்ட ஏடுகள் அவை. 1922இல் மீண்டும் வெளிப்பட்டு, பின்னர்ப் பதிப்பிக்கப்பட்டபோது தெலுங்கு இலக்கிய வரலாற்றின் போக்கையே அவை மாற்றின. இலக்கணம் தேடியவர் கண்ணுக்கு இலக்கணமே பட்டது. அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஆயினும் தேடுவோனின் கேள்வியே தொகுப்பின் உருவத்தை வரையறுத்துவிடும் என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அவ்வூரில் இல்லை.

இன்று அக்கேள்வியை அட்டவணை கேட்கிறது. திருமலை திருப்பதி தேவஸ்தானம் 1939இல் நிறுவிய கீழ்த்திசை ஆய்வு நிறுவனம், 1954இல் தோன்றிய ஸ்ரீ வேங்கடேசுவரப் பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் 1956இல் வந்தது. சென்னைக் கீழ்த்திசைச் சுவடி நூலகத்தில் பயிற்சி பெற்ற வேட்டூரி பிரபாகர சாஸ்திரி இந்நிறுவனத்தில் இருந்தே அன்னமாச்சாரியார் பாடல்களின் பதிப்புப் பணியை மேற்கொண்டார். 1956இல் வெளியான சுவடிகளின் அகரவரிசைப் பட்டியல், தன் தலைப்பிலேயே வடமொழி, தெலுங்கு, தமிழ் என மூன்று மொழிகளையும் ஓலை, தாள் என இரு எழுதுபொருள்களையும் சுட்டுகிறது. எழுத்து அத்தலைப்பில் இல்லை.

இக்குறை வேறு சில ஊர்களில் சிறிதாகலாம்; திருப்பதியில் சிறிதன்று. இவ்வட்டாரத்தில் வடமொழி கிரந்தத்திலும் தெலுங்கு எழுத்திலும் எழுதப்பட்டது. நாலாயிரத் திவ்வியப் பிரபந்தமும் அதன் மணிப்பிரவாள உரைகளும் தெலுங்கு எழுத்தில் வழங்கின. 19ஆம் நூற்றாண்டுச் சென்னை அச்சகங்கள் அவற்றைத் தெலுங்கு எழுத்திலேயே அச்சிட்டும் விற்றன. ஆந்திர நாட்டு வைணவர்க்கு அவை தேவைப்பட்டன. இத்தகைய நூலொன்று கையில் வரும்போது அட்டவணையாளர் எழுத்தைப் பார்த்துத் தெலுங்கு என்று குறித்தால் தமிழாய்வாளர் அதனைக் காணார். மொழியைப் பார்த்துத் தமிழ் என்று மட்டும் குறித்தால் தேடிவந்த தமிழாய்வாளர் படிக்க இயலாது திரும்புவார். நம்பிள்ளையின் ஈட்டைத் தமிழ் என்பதா, வடமொழி என்பதா என்னும் ஐயம் இதனோடு சேர்ந்துகொள்கிறது. மொழி என்ற ஒரே பத்தி மூன்று வெவ்வேறு செய்திகளைச் சுமக்கிறது.

மொழியியலார்க்கு இதில் உள்ள இழப்பு நூற்பெயர் காணாமற்போவது மட்டுமன்று. தமிழ் நெடுங்கணக்கில் ககரத்துக்கு ஒரே வடிவம். தெலுங்கிலோ ஒலிப்பிலா ஒலிக்கும் ஒலிப்புடை ஒலிக்கும் தனித்தனி எழுத்துகள் உண்டு. தமிழ்ப் பாசுரத்தைத் தெலுங்கில் எழுதப் புகுந்தவன் ஒவ்வொரு வல்லெழுத்திலும் ஒரு முடிவு எடுத்தாக வேண்டும். காதால் கேட்டு எழுதினானாயின் அவன் கேட்ட ஒலிப்பு அவ்வோலையில் உள்ளது; தமிழ் ஏட்டைப் பார்த்து எழுத்துக்கு எழுத்து மாற்றினானாயின் அதுவும் தெரிந்துவிடும். ழகரத்துக்குத் தெலுங்கில் இன்று வழக்கிலுள்ள எழுத்து இல்லை. ஆகவே அவன் அவ்விடத்தில் என்ன செய்தான் என்பது தனியே ஆராயத்தக்கது. தமிழ் எழுத்துச் சுவடிகள் தரவியலாத ஒலியனியல் சான்றுகள் இவை. பதிப்பின்பொருட்டு இவற்றைத் தமிழ் எழுத்துக்கு மாற்றியதும் அச்சான்று முழுதும் அழிந்துவிடுகிறது. மாற்றுப்படியை வைத்துக்கொண்டு மூலத்தைப் புறக்கணிக்கும் வழக்கம் நம்மிடையே உள்ளமையால் இதனை அழுத்திக் கூற வேண்டியுள்ளது.

மொழிபெயர்ப்பாளர்க்குரிய செய்தியைக் கல்வெட்டுகள் தருகின்றன. சாது சுப்பிரமணிய சாஸ்திரி தொடங்கிய தேவஸ்தானக் கல்வெட்டு வரிசை 1930களில் ஆறு தொகுதிகளாக வெளிவந்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட அக்கல்வெட்டுகளில் மிகப் பெரும்பாலானவை தமிழ்; விசயநகர வேந்தர் காலத்தனவும் அவ்வாறே. அவற்றில் அடிக்கடி வரும் தொடர் 'விட்டவன் விழுக்காடு' என்பது. படைக்கப்பட்ட அமுதில் கொடையாளிக்கு உரிய நாலில் ஒரு பங்கு அது. இன்றைய வாசகர் விழுக்காடு என்றதும் நூற்றுக்கு இத்தனை என்று கொள்வார். ஆங்கில மொழிபெயர்ப்பு 'கொடையாளர் பங்கு' என்று பொருளை ஒழுங்காகவே தருகிறது. ஆனால் சொல் மறைந்துவிடுகிறது. அம்மொழிபெயர்ப்பை மட்டும் கொண்டு எழுதும் வரலாற்றறிஞர் பலர்க்கு, அப்பங்கு உரிமையாகக் கைமாறிய ஒரு சட்டச்சொல்லின் கீழ் இயங்கியது என்பதே புலப்படுவதில்லை. பொலியூட்டு, தானத்தார், திருவிடையாட்டம் ஆகிய சொற்களுக்கும் இதே நிலை. தொகுதிகளுக்கு மூலச் சொல்லடைவு ஒன்று தனியே வேண்டும். ஆங்கிலப் பொருளடைவு அதற்கு ஈடாகாது.

இப்பணியை யார் செய்வது? 1911 வரை வட ஆர்க்காட்டின் தலைநகராயிருந்த சித்தூர் இருமொழி நிலம். 1960இல் திருத்தணி பிரிந்து சென்ற பின்னும் அந்நிலை மாறிவிடவில்லை. 2022இல் திருப்பதி தனி மாவட்டமாயிற்று. சித்தூர் மாவட்டத்துக் குப்பத்தில் 1997இல் நிறுவப்பட்ட திராவிடப் பல்கலைக்கழகத்தின் நோக்கமே தென்மொழிகளை ஒருங்கே ஆராய்தல். தெலுங்கு எழுத்தும் தமிழ் உரைமரபும் ஒருசேர அறிந்தோரை அங்கே உருவாக்குதல் அரிதன்று. திருப்பதி நிறுவனத்தின் சுவடிகளை அவர்கள் ஒவ்வொன்றாக எடுத்து, மொழி, எழுத்து, நடை என மூன்று பத்திகளும் முதல் ஐந்து வரிகளும் கொண்ட விளக்க அட்டவணையாக்கலாம். அவ்வைந்து வரிகள் மூல எழுத்திலேயே அமைதல் வேண்டும்; தமிழ் எழுத்துப்பெயர்ப்பு அடுத்த பத்தியில் வரலாம். தெலுங்கு எழுத்திலுள்ள தமிழ்ச் சுவடிகளிலிருந்து தொடங்குவது நன்று. இரு துறையினரும் தமக்குரியவை அல்ல என்று நெடுங்காலம் விட்டுவைத்தவை அவையே.