ஓநாய்க் குழந்தைகள் (மங்கா): படத்திலிருந்து பக்கத்திற்கு

'ஓநாய்க் குழந்தைகள் அமே, யூகி' ஜப்பானிய இயக்குநர் மமோரு ஹொசோதாவின் அனிமேஷன் திரைப்படத்தைத் தழுவி வரையப்பட்ட மங்கா. தழுவல் மங்காக்கள் பெரும்பாலும் படம் பார்த்தவர் வாங்கிச் செல்லும் நினைவுப் பொருளாகவே நின்றுவிடுகின்றன. இது தனித்து வாசிக்கத்தக்க சில தழுவல்களில் ஒன்று. குழந்தைகளும் பெற்றோரும் சேர்ந்து வாசிக்க உகந்தது.

உருவாக்கம்

திரைப்படம் 2012 ஜூலையில் ஜப்பானில் வெளியானது. ஹொசோதா தொடங்கிய ஸ்டூடியோ சிசுவின் முதல் படம் இது. கதாபாத்திரங்களின் தோற்றத்தை யொஷியுகி சதமோட்டோ வடிவமைத்தார். அந்த வடிவமைப்பைக் கொண்டு 'யூ' என்ற பெயரில் வரையும் ஓவியர் மங்காவை உருவாக்கினார். ஜப்பானில் கடோகவா பதிப்பகம் வெளியிட்டது. 2014இல் யென் பிரஸ் ஆங்கிலத்தில் ஒரே தொகுதியாகக் கொண்டுவந்தது. அப்பதிப்பு ஐஸ்னர் விருதுக்குப் பரிந்துரைக்கப்பட்டது. தமிழ் வாசகர்களுக்கு ஆங்கிலம் வழியாகவே இந்நூல் கிடைக்கிறது.

கதை

கல்லூரி மாணவியான ஹானா, வகுப்பில் ஓர் இளைஞனைச் சந்திக்கிறாள். அவன் அழிந்துபோன ஜப்பானிய ஓநாய் இனத்தின் கடைசி வழித்தோன்றல். மனிதனாகவும் ஓநாயாகவும் உருமாறக்கூடியவன். (ஜப்பானின் ஹொன்ஷு ஓநாய் கடைசியாகப் பதிவானது 1905இல்.) அவர்களுக்கு இரண்டு குழந்தைகள். பனி பெய்த நாளில் பிறந்த மகள் யூகி, மழை பெய்த நாளில் பிறந்த மகன் அமே. ஜப்பானிய மொழியில் யூகி என்றால் பனி, அமே என்றால் மழை. அமே பிறந்த சில நாட்களிலேயே தந்தை இறக்கிறான். அழுதால் ஓநாயாகிவிடும் குழந்தைகளை நகரத்து வாடகை வீட்டில் மறைத்து வளர்க்க முடியாமல், ஹானா மலையடிவாரக் கிராமம் ஒன்றுக்குக் குடிபெயர்கிறாள். அங்கே யூகி பள்ளியையும் மனிதர்களையும் நாடுகிறாள். அமே காட்டையும் ஒரு முதிய நரியையும் குருவாகக் கொள்கிறான். கதையைச் சொல்பவள் யூகி.

வடிவமாற்றம்

படத்தின் வலிமைகளில் ஒன்று இசை. தாயும் பிள்ளைகளும் பனிச்சரிவில் ஓடி இறங்கும் காட்சியை மசகாட்சு தகாகியின் இசையே தூக்கிச் செல்கிறது. அச்சில் அந்த இசை இல்லை, நிறமும் பெரும்பாலும் இல்லை. இன்னொரு இழப்பு பள்ளித் தாழ்வாரக் காட்சி. படத்தில் கேமரா இடமும் வலமுமாக நகர்ந்து, அக்காள் வகுப்பையும் தம்பி வகுப்பையும் மாறி மாறிக் காட்டி, சில நொடிகளில் ஆண்டுகளைக் கடக்கிறது. யூகிக்குத் தோழிகள் கூடுவதும் அமே தனித்துப்போவதும் வசனமின்றிப் புரிந்துவிடுகின்றன. அந்த ஒரே ஓட்டத்தைக் கட்டங்களாகப் பிரிக்கும்போது அதன் வேகம் குறைந்துவிடுகிறது.

ஆனால் மங்காவுக்கு மட்டுமே உள்ள வசதி, காலம் வாசகர் கையில் இருப்பது. குழந்தை யூகி தவறுதலாக உலர்த்திப் பொட்டலத்தை விழுங்கிவிடும் இரவில், குழந்தை மருத்துவமனைக்குப் போவதா, கால்நடை மருத்துவமனைக்குப் போவதா என்று ஹானா நடுவில் நின்று தவிக்கிறாள். சிரிக்கவும் பதறவும் வைக்கும் இடம் இது. படம் அதைக் கடந்து போய்விடுகிறது. நூலில் குழந்தை அங்கேயே விரலை வைத்து நிறுத்தி, "நீ எங்கே தூக்கிட்டுப் போயிருப்பே அம்மா?" என்று கேட்கலாம்.

'குடும்பக் கதை' என்பது

குடும்பத்தோடு வாசிக்கலாம் என்றால் துயரம் இல்லை என்று பொருளல்ல. தந்தையின் மரணம் இங்கே மென்மையாக்கப்படவில்லை. ஓநாய் உருவிலேயே இறந்த அவன் உடல், விலங்கின் உடலாகக் கருதப்பட்டுக் குப்பை வண்டியில் ஏற்றப்படுகிறது. ஹானாவால் உரிமை கோரவும் முடிவதில்லை. சிறு குழந்தைகளுக்கு வாசித்துக் காட்டுபவர்கள் இவ்விடத்தை முன்பே அறிந்திருப்பது நல்லது. ஆனால் தவிர்த்துவிடக் கூடாது. இந்த இழப்பு புரிந்தால்தான் பிள்ளைகளைப் பற்றிய ஹானாவின் அச்சமும், இறுதியில் மகனைக் காட்டுக்கு விடும் முடிவின் கனமும் புரியும்.

குறைகள்

ஹானாவின் இயல்பு படத்திலும் மங்காவிலும் ஒரே சிக்கலைக் கொண்டிருக்கிறது. கஷ்டத்திலும் சிரிக்க வேண்டும் என்று தன் தந்தை சொன்னதை அவள் விடாமல் பின்பற்றுகிறாள். அவளுக்கென்று கோபமோ தனி விருப்பமோ ஏறத்தாழ இல்லை. தமிழ்த் திரைப்படங்களில் பல பத்தாண்டுகளாகக் கண்ட தியாகத் தாயின் சாயல் இது. கிராமத்து முதியவர் நிராசாகி, ஏன் எப்போதும் சிரிக்கிறாய் என்று கடிந்துகொள்ளும் இடத்தில் கதை தன்னையே ஒரு கணம் கேள்வி கேட்கிறது. அந்தக் கேள்வியை மேலும் தொடர்ந்திருக்கலாம். கதையை மாற்றாமல் பின்பற்றும் மங்காவுக்கு அதற்கான வாய்ப்பு இருந்தும் அது பயன்படுத்தவில்லை.

தமிழ்ச் சூழலில்

தமிழில் சித்திரக்கதை என்றால் 1972இல் 'இரும்புக்கை மாயாவி'யுடன் சிவகாசியில் தொடங்கிய முத்து காமிக்ஸும், பின்வந்த லயன் காமிக்ஸும் நினைவுக்கு வரும். அவை பெரும்பாலும் ஐரோப்பிய சாகசக் கதைகளைத் தந்தன. இன்றைய குழந்தைகளுக்கோ டோரேமானும் ஷின்-சானும் தொலைக்காட்சியில் தமிழ் பேசியே அறிமுகம். ஜப்பானியக் கதையுலகம் அவர்களுக்கு அந்நியமல்ல. வலமிருந்து இடமாக வாசிக்கும் முறைதான் புதிது. சில பக்கங்களில் அது பழகிவிடும்.

நாவலூர், சிறுசேரி, கேளம்பாக்கம் என நீளும் பழைய மாமல்லபுரம் சாலையின் அடுக்ககங்களில் வளரும் பிள்ளைகளுக்கு இக்கதை வேறொரு விதத்தில் நெருக்கமாகலாம். வேலைக்காகச் சொந்த ஊரை விட்டு வந்து, பாட்டி தாத்தா துணையின்றிப் பிள்ளை வளர்க்கும் குடும்பங்கள் அங்கே ஏராளம். ஹானா நகரத்தை விட்டுக் கிராமத்துக்குப் போகிறாள். இவர்கள் நடந்தது எதிர்த்திசையில். ஆனால் அறிமுகமில்லாத இடத்தில் யாரிடம் உதவி கேட்பது, பிள்ளை அழுதால் பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள் என்ற கவலை ஒன்றே. ஹானா முதலில் ஆட்களிடமிருந்து ஒளியவே கிராமத்துக்குப் போகிறாள். அங்கே அவளைக் காப்பாற்றுவது, உருளைக்கிழங்கு பயிரிடக் கற்றுத்தரும் அக்கம்பக்கத்தாரே.

மதிப்பீடு

பிள்ளை என்னவாக வேண்டும் என்பதைப் பெற்றோர் தீர்மானிக்கும் பழக்கம் வலுவாக உள்ள சமூகத்தில், ஒரே வீட்டில் வளர்ந்த இரு பிள்ளைகள் இரு வேறு வழிகளில் செல்வதையும், இரண்டுமே சரி என்று தாய் ஏற்பதையும் சொல்லும் கதைக்கு மதிப்பு உண்டு. மகனுக்குத் தான் இன்னும் ஒன்றுமே செய்யவில்லையே என்று தவிக்கும் ஹானா, அவன் போன பிறகே அவனை வாழ்த்துகிறாள். மங்கா படத்தை மிஞ்சவில்லை. ஆனால் அந்தத் தவிப்பின் முன் வாசகரை வேண்டிய அளவு நிற்க விடுகிறது. படம் பார்த்தவர்களும் இதை வாசிக்க அதுவே போதுமான காரணம்.