வெற்று நிலமும் விலைப்பட்ட கடலும்: மன்னார்க் கரை பற்றிய இரு நூல்கள் குறித்த ஒரு நோக்கு

மன்னார்க் கரையை ஆங்கில வாசகருக்கு விரிவாக அறிமுகஞ் செய்த நூல்களுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று, படை அதிகாரியான றொபேட் பெர்சிவல் 1803இல் இலண்டனில் வெளியிட்ட இலங்கை வரலாறு. மற்றையது, கொழும்பிற் படைத்துறைக் குருவாகப் பணியாற்றிய ஜேம்ஸ் கோடினர் 1807இல் இரு பாகங்களாக வெளியிட்ட இலங்கை விவரணம். முத்துக்குளிப்புப் பற்றி எழுதப் புகுவோர் இன்றுவரை இவ்விரு நூல்களையும் மேற்கோள் காட்டத் தவறுவதில்லை. ஆயினும், மேற்கோளாக எடுத்தாளப்பட்ட அளவிற்கு இவை பனுவல்களாக வைத்து ஆராயப்படவில்லை. எதனைக் கூறுகின்றன என்பதோடு எதனைக் காணாது விடுகின்றன என்பதும் திறனாய்வுக்குரிய வினாவாகும். அவ்வினாவிற்கு விடை காண, அதே காலத்திற் கடலுக்கு அப்பால் நிகழ்ந்த இன்னொரு விரிவாக்கத்தை அருகில் வைத்து நோக்குதல் பயன்தரும்.

பெர்சிவலின் நூல் வெளிவந்த 1803ஆம் ஆண்டிலேயே அமெரிக்கக் குடியரசு லூயிசியானா நிலப்பரப்பைப் பிரான்சிடமிருந்து ஒன்றரைக் கோடி டொலருக்கு வாங்கியது. அதனாற் குடியரசின் பரப்பு ஏறத்தாழ இரு மடங்காயிற்று. இவ்விரண்டிற்கும் பின்னணி பிரெஞ்சுப் புரட்சியை ஒட்டி எழுந்த ஐரோப்பியப் போரே. ஒல்லாந்து பிரெஞ்சுப் படைகளின் வசமானபோது, 1795இல் ஒல்லாந்தரின் இலங்கைக் கோட்டைகளை ஆங்கிலேயர் கைப்பற்றலாயினர். மன்னாரும் அவ்வாறே கைமாறியது. சென் டொமிங்குவிற் படையை இழந்து, இங்கிலாந்துடன் மீண்டும் போரை எதிர்நோக்கிய நெப்போலியன் லூயிசியானாவை விற்றான். மன்னாரிலும் மிசூரியாற்றங்கரையிலும் வாழ்ந்த மக்களிடம் எவரும் சம்மதங் கேட்டிலர்.

இவ்வொற்றுமையை அளவுக்கு மீறி வலியுறுத்துதல் தவறாகும். அமெரிக்க விரிவாக்கம் குடியேற்றக்காரரின் நிலவேட்கையிற் பிறந்தது. 1785ஆம் ஆண்டுச் சட்டம் மேற்கு நிலங்களைச் சதுரங்களாக அளந்து விற்க வழிசெய்தது. 1787ஆம் ஆண்டுச் சட்டம் குடியேறியோரின் பிரதேசங்கள் காலப்போக்கிற் பழைய மாநிலங்களுக்குச் சமமான மாநிலங்களாக வளர வழிவகுத்தது. நிலம் வாங்க அரசியலமைப்பு இடந்தருமோ என ஜெபர்சன் தயங்கியதும், புதிய மேற்கு மாநிலங்களால் நியூ இங்கிலாந்தின் செல்வாக்குக் குன்றுமெனக் கூட்டாட்சிக் கட்சியினர் அஞ்சியதும் குடியேறுவோரின் அரசியலையே சார்ந்தவை. பூர்வகுடிகளின் நிலம் அவர்தம் சம்மதமின்றிக் கொள்ளப்படாதென 1787ஆம் ஆண்டுச் சட்டம் வாக்களித்தது. 1830இல் இயற்றப்பட்ட அகற்றற் சட்டமோ அவ்வாக்கின் பெறுமதியை உலகறியச் செய்தது.

மன்னாரில் ஆட்சிக்கு வேண்டியிருந்தது குடியேற்ற நிலமன்று, வருவாய். 1802இல் இலங்கை முடிக்குரிய குடியேற்ற நாடாயிற்று. அங்கு சமத்துவ மாநிலம் என்ற எதிர்காலம் எவருக்கும் காட்டப்படவில்லை. முத்துச் சலாபம் அதிக விலை கேட்போருக்குக் குத்தகையாக விடப்பட்டது. அமெரிக்காவில் மனிதரை அகற்றி நிலம் கொள்ளப்பட்டது. மன்னாரில் மனிதரை வரவழைத்துக் கடல் விற்கப்பட்டது. இவ்வேறுபாடு இருவகை எழுத்தை உருவாக்கியது.

பெர்சிவலின் நூலிற் கொண்டச்சிக் குடாவின் சலாபக் காட்சி புகழ்பெற்ற பகுதியாகும். வெறும் பாலையான இடம், பருவம் வந்ததும் பலநாட்டு மக்கள் திரளும் பெருஞ்சந்தையாக மாறுவதை அவர் வியப்போடு வருணிக்கின்றார். தோணிக்குத் தண்டையல் ஒருவர், அவரொழிந்தோர் இருபதின்மர். அவருள் குளிப்போர் பதின்மர். ஒரு வேளையில் ஐவர் இறங்க மற்றை ஐவர் இளைப்பாறுவர் என்றவாறு தொழிலின் ஒழுங்கு நுட்பமாகப் பதிவாகியுள்ளது. சுறாவை மந்திரத்தாற் கட்டுவோர் கரையில் நின்று ஓதாவிடில் குளிப்போர் கடலில் இறங்கார் என்ற செய்தியும் உண்டு. இதனை அவர் மூடநம்பிக்கை எனக் காண்கின்றார். ஆழ்கடலில் உயிரைப் பணயம் வைப்போர் தமக்கென வேண்டிக்கொண்ட ஒரே பாதுகாப்பு அதுவென அவர் காணவில்லை. குளிப்போரின் மூச்சை அளந்த எழுத்து, அவர்தம் பெயர்களுள் ஒன்றையேனும் பதியவில்லை.

கோடினர் இவரினும் பொறுமையான நோக்கர். சலாபத்தின் கணக்கையும் நடைமுறையையும் விரிவாகத் தருவதால் வரலாற்று மாணவருக்கு அவரது நூலே கூடுதற் பயனுடையது. ஆயினும், அரிப்பில் ஆளுநர் பிரெட்றிக் நோர்த் எழுப்பிய டோரிக் பாணி மாளிகையை அவர் விதந்து போற்றும் இடத்தில் நூலின் பார்வை வெளிப்படுகின்றது. மணற்கரையில் நாகரிகத்தின் அடையாளமாக அக்கட்டடம் ஒன்றே தலைநிமிர்ந்து நிற்கின்றது. அதனைச் சூழ்ந்த ஊர்கள் பின்னணித் திரையாகிவிடுகின்றன. கடலரிப்பினாற் சிதைந்த அம்மாளிகையின் இடிபாடே இன்று எஞ்சியிருப்பது.

இக்குறைக்கு நுணுக்கமான பதிவு போதிய மாற்றாகுமா? ஆகாது என்பதை அமெரிக்கச் சான்று உணர்த்துகின்றது. லூயிஸ், கிளார்க் ஆகியோரின் பயணத்திற்கு 1803இல் ஜெபர்சன் வழங்கிய அறிவுறுத்தல், மேற்கிலுள்ள மக்களினங்களின் பெயர், தொகை, நில எல்லை, மொழி, தொழில் அனைத்தையும் கேட்டறியுமாறு பணித்தது. பெயரும் எல்லையும் பதியப்பட்டமையால் அம்மக்களின் நிலம் காக்கப்படவில்லை. கொள்ளற்குரிய நிலம் எதுவெனத் தெரியவந்தது. ஆதலின், பதிவு செய்யப்பட்டார்களா என்ற வினாவினும் எதன் பொருட்டுப் பதிவு செய்யப்பட்டார்கள் என்ற வினாவே ஆழமானது.

பாலை என்ற சொல்லை இந்நோக்கிலேயே மீளவும் எடைபோட வேண்டும். கொண்டச்சி மணல் வறண்டதே. ஆனால் அம்மணலுக்கு வடக்கே சம்பந்தரும் சுந்தரரும் பாடிய திருக்கேதீச்சரத்தைக் கொண்ட மாதோட்டம் இருந்தது. அருவியாறு கடலோடு கலக்கும் நிலமும், கட்டுக்கரைக் குளத்தை நம்பிய வயல்வெளியும் இருந்தன. 1803இல் பண்டாரவன்னியனுக்கு எதிராக வன்னிக்குட் படை புகுந்தது. அவ்வாண்டு ஒக்ரோபர் 31இல் வான் டிரிபேர்க் கற்சிலைமடுவில் அவனைத் தோற்கடித்தான். ஒருவரும் இல்லாத நாட்டில் எதிர்த்து நிற்பார் யார்? பாலை என்பது சலாபப் பருவத்திற்கு வெளியே அக்கரையை நோக்காத கண்ணின் தீர்ப்பு. அக்கண் காணாததைப் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பதிப்பித்த மன்னார் நாட்டுப் பாடல்கள் ஒருவாறு காட்டுகின்றன. ஆட்சியாளரின் கேள்விக்கு விடையாக அன்றி, உழைப்போர் தம்பொருட்டுப் பாடிய பாடல்கள் என்பதே அவற்றின் சான்றுமதிப்பு.

தமிழ் ஆய்வுலகமும் இங்கு குற்றமற்றதன்று. மன்னார் முத்தின் தொன்மைப் பெருமைக்கு இவ்விரு நூல்களையும் சான்றாகக் காட்டுவோர், குளித்தவன் பெற்ற பங்கு யாது, குத்தகைக்காரன் பெற்றது யாது, கருவூலம் பெற்றது யாது என வினவுவது அரிது. இரு கரைகளிலிருந்தும் வந்த பரவரும் முஸ்லிம்களும் அப்பெருமையுரையில் மீண்டும் பெயரற்றவராகின்றனர்.

வெற்று நிலம் என்ற கருத்து நூலகத்தோடு முடிந்த பொருளன்று. 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகள் வடமாகாண முஸ்லிம்களை வெளியேற்றியபோது முசலிப் பகுதி ஊர்கள் ஆளற்றுப் போயின, காடு வளர்ந்தது. 2017 மார்ச்சில் வெளியான வர்த்தமானி, மறிச்சுக்கட்டி, கரடிக்குளி ஆகிய இடங்களைச் சார்ந்த பரப்புகளை மாவில்லுப் பேணற்காட்டினுள் அடக்கியது. காட்டைக் காத்தலும் கடமையே. மீண்டு வந்தோரின் உரிமையும் உண்மையே. இவற்றைச் சீர்தூக்குவோர் முதலில் அறியவேண்டுவது, ஆளற்றுக் கிடக்கும் நிலம் ஆளில்லாத நிலமாகாது என்பதை. பெர்சிவலையும் கோடினரையும் கற்போர் அவர் தரும் செய்திகளை ஏற்கலாம். பாலை என்ற அவர்தம் சொல்லை மட்டும், யார் சென்ற பின் யார் கண்டது என வினவாது ஏற்றல் கூடாது.