சோழமண்டலமும் பாத்திக் துணியும்

சென்னையை அடுத்த ஈஞ்சம்பாக்கத்தில் கே.சி.எஸ். பணிக்கர் 1966இல் நிறுவிய சோழமண்டலம் ஓவியர் கிராமம், கலைஞர் குடியிருந்து படைக்கும் இடத்திலேயே படைப்புகளைப் பொதுமக்கள் காண வழிசெய்தது. அந்நிலத்தை வாங்கப் பொருள் தந்தது ஓவியமன்று. அவ்வோவியர்களே மெழுகும் சாயமும் கொண்டு உருவாக்கி விற்ற பாத்திக் முதலிய கைவினைப் பொருள்களே. கைத்தொழில் வாழ்வூதியம் அளித்தமையால் ஓவியம் சந்தையின் விருப்பத்திற்கு இசைய வேண்டியதாயிற்றில்லை. இதனை நோக்காது, திறனாய்வாளர் பலர் பணிக்கரின் 'சொற்களும் குறியீடுகளும்' வரிசையை விரித்துரைத்துத் துணிகளை ஒரு தொடரில் கடந்துவிடுகின்றனர். (வகுப்பறையில் யானும் நெடுநாள் அவ்வாறே செய்தேன்.) 2009இல் அங்குத் திறக்கப்பட்ட அருங்காட்சியகமும் ஓவியத்தையும் சிற்பத்தையுமே முன்னிறுத்துகின்றது. பாத்திக் அன்றாட உடையாக விளங்கும் ஜொகூரில் இதனைக் கற்பிக்கும் ஆசிரியர், மாணவர் அணிந்துவரும் துணியிலிருந்தே பாடத்தைத் தொடங்கலாம்.