கோக் கேனும் தேனும்: ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ காட்டியதும் காட்டாததும்

எண்ணெய்க் கிணறு சம்பந்தப்பட்ட படங்களில் கருவிகளுக்கு அதிக மரியாதை கொடுத்தது எது என்று கேட்டால், பீட்டர் பெர்க் இயக்கிய ‘டீப்வாட்டர் ஹொரைசன்’ (2016) என்றுதான் சொல்வேன். ஆனால் அதே படம் முக்கியமான இடத்தில் கருவியை விட்டுவிட்டு ஒரு வில்லனைப் பிடித்துக்கொள்கிறது. இந்தப் பதிவு அதைப் பற்றியது.

படம் பார்க்காதவர்களுக்கு: 2010 ஏப்ரல் 20 இரவு, மெக்சிகோ வளைகுடாவில் பிபி நிறுவனத்தின் மகோண்டோ கிணறு வெடித்தது. தோண்டிக்கொண்டிருந்த ரிக், டிரான்ஸ்ஓஷன் நிறுவனத்துடையது. 11 பேர் இறந்தார்கள். கடலுக்குள் எண்ணெய் கொட்டியது நிற்க 87 நாள் ஆனது.

படத்தின் ஆரம்பத்தில் ஒரு காட்சி. ரிக்கில் வேலை பார்க்கும் மைக் வில்லியம்ஸின் (மார்க் வால்பெர்க்) சின்னப் பெண், அப்பாவின் வேலையைப் பற்றிப் பள்ளியில் பேச ஒத்திகை பார்க்கிறாள். கோக் கேனில் ஒரு குழாயைக் குத்தி, அதில் தேனை ஊற்றுகிறாள். உள்ளேயிருக்கும் அழுத்தத்தைத் தேனின் கனம் அடக்கி வைக்கிறது. கொஞ்ச நேரத்தில் கோக் பொங்கி மேசையெல்லாம் வழிகிறது. அந்தத் தேன்தான் ‘டிரில்லிங் மட்’. துளையிடும் தொழிலின் ஆதாரமான விஷயத்தை அரை நிமிஷத்தில் இவ்வளவு சுத்தமாகச் சொன்ன வேறு காட்சியை நான் பார்த்ததில்லை.

அந்தத் தேனுக்கு ஒரு வரலாறு உண்டு. டெக்சாஸின் ஸ்பிண்டில்டாப்பில் ஹாமில் சகோதரர்கள் ரோட்டரி ரிக் வைத்துத் தோண்டியபோது, மணல் சரிந்து துளையை மூடிக்கொண்டே இருந்தது. வெறும் தண்ணீருக்குப் பதிலாகச் சேற்றுத் தண்ணீரை உள்ளே செலுத்தினார்கள். சேறு கலக்க, குட்டையில் மாடுகளை ஓட்டி மிதிக்க விட்டார்கள் என்று ஒரு கதை உண்டு. சேறு துளையின் சுவரைத் தாங்கியது, வெட்டிய கல்லையும் மண்ணையும் மேலே கொண்டுவந்தது. அதன் எடை, அடியிலிருந்து வரும் அழுத்தத்துக்கு எதிர்ப்பாரமாகவும் இருந்தது. ஆனால் 1901 ஜனவரி 10 அன்று அந்தப் பாரம் போதவில்லை. எண்ணெய் பீறிட்டது. அடக்க 9 நாள் ஆனது. ஜனங்கள் அதை வேடிக்கை பார்த்துக் கொண்டாடினார்கள். சினிமாவும் அந்தக் கொண்டாட்டத்தையே பிடித்துக்கொண்டது. ‘தேர் வில் பி பிளட்’ (2007) படத்தில்கூட, மகனின் காது போன அதே நேரத்தில்தான் நாயகன் பீறிடும் எண்ணெயைப் பார்த்துப் பூரிக்கிறான்.

தொழில்காரர்களுக்கோ பீறிடல் என்பது விபத்து. 1922-ல் ஜேம்ஸ் அபர்க்ராம்பியும் ஹாரி கேமரனும் சேர்ந்து உருவாக்கிய ‘ப்ளோஅவுட் ப்ரிவென்டர்’ அதற்கான பதில். யோசனை எளிமையானது: கிணற்றின் வாயில் இரண்டு பக்கமும் எஃகுக் கட்டைகள். ஆபத்து வந்தால் இரண்டும் உள்ளே நகர்ந்து, நடுவிலிருக்கும் குழாயைச் சுற்றி இறுக்கி மூடும். பின்னால் வந்த ‘பிளைண்ட் ஷியர் ராம்’ குழாயையே வெட்டிவிட்டுக் கிணற்றை மூடும். மகோண்டோவில் சுமார் 5,000 அடி ஆழத்தில், கடலடியில் நின்றதும் கேமரன் பெயர் தாங்கிய நிறுவனத்தின் கருவிதான்.

இப்போது படத்தின் மையமான காட்சிக்கு வருவோம்: ‘நெகட்டிவ் பிரஷர் டெஸ்ட்’. சிமெண்ட் அடைப்பு சரியாக நிற்கிறதா என்று பார்க்க, கிணற்றுக்குள் அழுத்தத்தை வேண்டுமென்றே குறைப்பார்கள். அடைப்பு நன்றாக இருந்தால் அழுத்தம் மறுபடி ஏறக்கூடாது. ஆனால் டிரில் பைப்பில் 1,400 பிஎஸ்ஐ ஏறி நின்றது. ‘கில் லைன்’ என்ற இன்னொரு குழாயில் பூஜ்யம். ஒரே கிணறு, இரண்டு விடை. அங்கிருந்தவர்கள் பூஜ்யத்தை நம்பினார்கள். 1,400-க்கு ‘பிளாடர் எஃபெக்ட்’ என்று ஒரு விளக்கம் கிடைத்தது. அதன்பின் சேற்றை எடுத்துவிட்டுக் கடல்நீரை விட்டார்கள். கோக் கேனிலிருந்து தேனை எடுத்த கதைதான்.

படத்தில் அந்த விளக்கம் பிபி அதிகாரியாக வரும் ஜான் மால்கோவிச் வாயிலிருந்து இழுத்து இழுத்து வருகிறது. நடிப்பு பிரமாதம். ஆனால் அமெரிக்க அதிபர் நியமித்த விசாரணைக் கமிஷனின் அறிக்கையைப் படித்தால் இவ்வளவு சுலபமாக இல்லை. பிபி தரப்பு சாட்சிகள், அந்த விளக்கம் ரிக் குழுவிடமிருந்தே வந்ததாகச் சொன்னார்கள். அதைவிட முக்கியம், இந்த டெஸ்டை எப்படிச் செய்வது, விடையை எப்படிப் படிப்பது என்று இரண்டு கம்பெனியிடமும் எழுதி வைத்த நடைமுறை இல்லை. அரசு விதியும் கேட்கவில்லை. மென்பொருள் வேலையில் இருப்பவர்களுக்கு இது தெரிந்த சங்கதி. டெஸ்ட் ஃபெயில் ஆகும், ‘அது அப்படித்தான், மறுபடி ஓட்டு’ என்று ஒருத்தர் சொல்வார், எல்லோரும் தலையாட்டுவோம். சொன்னவர் கெட்டவராக இருக்க வேண்டியதே இல்லை.

இரண்டாவது குறை ப்ரிவென்டர் பற்றியது. படம் தீயையும் தப்பிப்பதையும் அவ்வளவு நேரம் காட்டுகிறது, கடைசி அரணான கருவி ஏன் தோற்றது என்பதைச் சட்டென்று கடந்துபோகிறது. அமெரிக்க ரசாயனப் பாதுகாப்பு வாரியம் (சிஎஸ்பி) 2014-ல் வெளியிட்ட அறிக்கை எனக்குப் படத்தைவிடத் திகிலாக இருந்தது. ஒன்று போனால் இன்னொன்று என்று ப்ரிவென்டருக்கு நீலம், மஞ்சள் என இரண்டு கட்டுப்பாட்டுப் பெட்டிகள். நீலத்தில் தவறான ஒயரிங், அதனால் பேட்டரி காலி. மஞ்சளில் ஒரு சோலனாய்டு வால்வின் ஒயரிங் தலைகீழ். அப்படியும் மஞ்சள் பெட்டி எப்படியோ வேலை செய்து, அன்றிரவே ஷியர் ராம் நகர்ந்தது என்கிறது வாரியம். ஆனால் அழுத்த வித்தியாசத்தில் குழாய் வளைந்து நடுவிலிருந்து விலகியிருந்தது. கத்தி அதை முழுசாக வெட்டாமல் ஓட்டை போட்டது.

இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான படத்தில் சோலனாய்டு வால்வைக் காட்டு என்று கேட்பது நியாயமா? கோக் கேனை வைத்துச் சேற்றைப் புரியவைத்த இயக்குனரிடம் கேட்கலாம். ஒரு ஸ்ட்ராவை வளைத்துக் கத்தரிக்கோலின் ஓரத்தில் வைத்துக் காட்டினால் போதுமே. வில்லனை மட்டும் பார்த்துவிட்டு வெளியே வருபவருக்கு, அந்த ஆளை மாற்றினால் பிரச்சினை தீர்ந்தது என்று தோன்றும். படத்தின் முடிவில் இறந்த 11 பேரின் முகங்களும் பெயர்களும் வருகின்றன. அந்த மரியாதை உண்மையானது. ஆனால் அடுத்த ரிக்கில் இருப்பவர்களைக் காப்பாற்றப் போவது வேறு விஷயம். படம் வந்த அதே 2016-ல், கடலடிக் கிணறுகளுக்கான அமெரிக்க அரசின் புதிய விதியில் ஒரு நிபந்தனை சேர்ந்தது: வெட்டும்போது குழாயைக் கத்தியின் வாய்க்குள் கொண்டுவந்து நிறுத்தும் அமைப்பு ப்ரிவென்டரில் இருக்க வேண்டும்.

படத்தை அவசியம் பாருங்கள். பார்த்தபின் சிஎஸ்பி அறிக்கையின் முதல் பாகத்தையாவது படித்துவிடுங்கள்.