தெல்தோட்டை பஸ்ஸில் நாலு பாட்டு

எனக்குக் கண்டி டவுனில் வேலை. வீடு தெல்தோட்டைப் பக்கம் ஒரு தோட்டத்தில். வெள்ளிக்கிழமை பின்னேரம் பஸ் ஏறினால் பேராதனை, கலஹா என்று வளைந்து வளைந்து ஏறி, வீடு சேரும்போது இருட்டிவிடும். முன்பெல்லாம் அந்தப் பயணம் எப்போது முடியும் என்றிருக்கும். இப்போது முடியக் கூடாது என்றிருக்கிறது. எல்லாம் நாலு பாட்டு செய்த வேலை. சிலதை டிரைவர் அண்ணன் போடுவார், சிலது என் போனில் இருக்கிறது.

பஸ் டவுனைத் தாண்டுவதற்குள் 'மெனிக்கே மகே ஹித்தே' வந்துவிடும். சதீஷன் 2020இல் கொண்டுவந்த பாட்டு. அடுத்த வருடம் யொஹானி அவரோடு சேர்ந்து பாடிய வடிவம்தான் கடல் கடந்து போய் இந்தியாவையே ஆடவைத்தது. அது பழசாகிவிட்டது என்கிறார்கள் என் தோழிகள். எனக்கு ஆகவில்லை. மெனிக்கே என்பது கண்டிப் பக்கத்துச் சிங்களப் பெண்களின் பேரோடு மரியாதையாக ஒட்டிவரும் சொல். பதுளைக்குப் போகிற கோச்சிக்கே 'உடரட்ட மெனிக்கே' என்றுதான் பேர். சின்ன வயதிலிருந்து ஸ்டேஷன் அறிவிப்பில் நான் கேட்ட சொல் அது. யொஹானி அதை அவ்வளவு சோம்பலாக, அவ்வளவு செல்லமாக இழுத்துப் பாடும்போது என் ஊரையே யாரோ கொஞ்சுகிற மாதிரி இருக்கிறது.

பேராதனைப் பூங்காவுக்கு அக்கரையில் கன்னொருவை இருக்கிறது. 1638இல் இரண்டாம் இராஜசிங்கனின் படை போர்த்துக்கேயரை முறியடித்தது அங்கேதான். கரையோரம் முழுக்கக் கோட்டை கட்டியவர்களுக்குக் கண்டியைப் பிடித்து வைத்துக்கொள்ள முடியவில்லை. ஆனால் அவர்கள் காலத்து மெட்டும், அவர்களோடு வந்த ஆப்பிரிக்கரின் தாளமும் பைலாவாகி, இன்றைக்கு எங்கள் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன! அதிலும் ஏ.ஈ. மனோகரனின் 'சுராங்கனி' என்றால் எனக்கு உயிர். தமிழும் சிங்களமும் அதில் ஒன்றோடொன்று கைகோத்துக்கொண்டு ஓடும். கடலே தெரியாத மலையில் நின்று மீன் பாட்டுப் பாடுகிறோமே என்று நாங்கள் ஒருநாளும் நினைத்ததில்லை. ஸ்கூல் ட்ரிப்பில் சீட்டின் முதுகில் தட்டிப் பாடினோம், டீச்சரும் சேர்ந்து பாடினார். போன மாதம் ஒருநாள் கலஹா ரோட்டில் இந்தப் பாட்டு வந்தபோது, ஒரு சிங்கள அம்மா சாக்கு மூட்டையை மடியில் வைத்தபடி அதன்மேல் தாளம் போட்டார். எனக்குத் தமிழ் வரி, அவருக்குச் சிங்கள வரி. இறங்கும்போது என் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனார். மனோகரன் 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். அவர் குரல் ஒருநாளும் எங்கள் ரோட்டை விட்டுப் போகாது.

மூன்றாவது, வெசாக் காலத்துப் பாட்டு. மொஹிதீன் பேக் பாடிய 'புத்தம் சரணம்'. தன்சலில் சாப்பாட்டுக்கு வரிசையில் நிற்கிறபோது ஸ்பீக்கரில் அந்தக் குரல் எழும். கோயில் மணியின் கார்வை அப்படியே தொண்டையில் இருக்கிற குரல். அவர் சேலத்தில் பிறந்த முஸ்லிம் என்று தெரிந்த நாளிலிருந்து, தலதா மாளிகைப் பக்கம் அதைக் கேட்டால் நான் நின்றுவிடுகிறேன்.

கலஹா தாண்டினால் தேயிலை. இதே மலைத்தொடரில், லூல்கந்துர தோட்டத்தில், 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் நட்டதிலிருந்து தொடங்கிய பச்சை. அங்கே வந்ததும் நான் காதில் இயர்போனை மாட்டிக்கொள்வேன். நாலாவது பாட்டு வருகிறது. சொல்லப்போனால் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

'எஞ்சாயி எஞ்சாமி.' சந்தோஷ் நாராயணன் இசையில் தீயும் அறிவும் பாடி 2021 மார்ச்சில் வந்தது. உலகமே ஆடிய பாட்டு. நானும் முதலில் ஆடத்தான் ஆடினேன். தீயின் குரலில் ஒரு கரகரப்பு இருக்கிறது, மழையில் நனைந்த தொண்டைபோல. அறிவு வரும்போது வேறொன்று நடக்கிறது. நிலத்தையும் நீரையும் பிராணிகளையும் ஒவ்வொன்றாகக் கூப்பிடுகிறார். விடியப்புறம் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிடுவது எனக்கு ஞாபகம் வரும். ஆனால் இங்கே கூப்பிடுகிறவர் கங்காணி இல்லை, சொந்தக்காரன். பிறகு பாட்டு சட்டென்று ஒப்பாரிக்குள் இறங்குகிறது. தோட்டத்தை உண்டாக்கியவருக்கு அதன் பலன் கிட்டவில்லையே என்ற ஆற்றாமை. அதே தாளம், அதே வேகம், கால் ஆடிக்கொண்டே இருக்கிறது, கண் நிறைந்துவிடுகிறது. மாசி மாதம் காமன் கூத்தில் காமனை எரித்த பிறகும் தப்பு ஓயாமல் அடிக்குமே, அப்படி. இப்படி ஒரு பாட்டை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

அறிவின் பாட்டி வள்ளியம்மாள் இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்து, பிறகு இந்தியாவுக்குத் திரும்பியவர். வீடியோவில் அவரே வருகிறார். இது தெரிந்ததும் நான் ஒரு சின்ன ஸ்பீக்கர் வாங்கி வீட்டுக்குக் கொண்டுபோனேன். என் அப்பாயி வாசல் இஸ்தோப்பில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். பாட்டைப் போட்டேன். ஒப்பாரி வந்த இடத்தில் கை நின்றுவிட்டது.

"இது யாரு சாமி பாடுறது? நம்ம வீட்டுப் புள்ளையா?"

அவர் என்னைச் சாமி என்றுதான் கூப்பிடுவார். பாட்டின் பேரிலேயே அந்தச் சொல் இருக்கிறது என்பது அந்த நொடியில்தான் எனக்கு உறைத்தது. "ஆமா அப்பாயி, நம்ம வீட்டுப் புள்ளதான்" என்றேன்.

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் ஒப்பந்தம் போட்டார்கள். மலையகத் தமிழரில் 525,000 பேரை இந்தியாவுக்கு அனுப்புவது என்று முடிவாயிற்று. அப்பாயியின் அக்கா குடும்பமும் அதில் அடக்கம். கண்டியில் கோச்சி ஏறித் தலைமன்னார் போய்க் கப்பலில் ராமேஸ்வரம். ஏறினவர்களும் அழுதார்கள், வழியனுப்ப வந்தவர்களும் அழுதார்கள். ஒப்பாரிக் கோச்சி என்று பேர் வைத்தார்கள் அதற்கு. அன்று ஸ்டேஷனில் தன் அம்மா பாடியதை அப்பாயி அந்த இஸ்தோப்பில் மெதுவாகப் பாடினார். எத்தனையோ வருடம் அவரோடு ஒரே லயத்து வீட்டில் இருந்தும் நான் அதைக் கேட்டதே இல்லை. முடிந்ததும், "அந்தப் புள்ள பாட்ட இன்னொருக்காப் போடு சாமி" என்றார். அன்றைக்கு ஆறு தரம் போட்டோம்.

மலையகக் கவிஞர் சி.வி. வேலுப்பிள்ளை அந்தக் காலத்திலேயே மலைநாட்டு மக்களின் பாடல்களைத் தேடிச் சேர்த்துப் புத்தகமாக்கினார். அவர் கைக்கு வராதவை இன்னும் எத்தனை இஸ்தோப்பில் இருக்குமோ!

உங்கள் வீட்டிலும் கண்டிச் சீமையை ஞாபகம் வைத்திருக்கும் ஒருவர் இருந்தால், இந்த ஞாயிற்றுக்கிழமை பக்கத்தில் உட்கார்ந்து 'எஞ்சாயி எஞ்சாமி'யைப் போட்டுக் காட்டுங்கள். சத்தம் கூட்டியே வையுங்கள். பாட்டு முடிந்ததும் அவசரப்பட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடாதீர்கள். கொஞ்சம் பொறுங்கள், அவர் பாடுவார்.