வீரரை நிறுக்கும் தராசு

விளையாட்டுக்கு இனமில்லை, நாடில்லை என்று மேடைதோறும் சொல்லப்படுகிறது. கேட்பதற்கு இனிய வாசகம்தான். ஆனால், உலகத்தின் தலைசிறந்த வீரர் யார் என்று வரிசைப்படுத்த முற்படும்போதே அது பொய்த்துவிடுகிறது. வரிசைப்படுத்துகிறவன் ஆகாயத்திலிருந்து இறங்கியவன் அல்லன். அவனுக்கும் ஒரு நாடு உண்டு. ஒரு நிறம் உண்டு. ஒரு வர்க்கமும் உண்டு.

குத்துச்சண்டையின் வரலாறே இதற்குப் போதிய சான்று. 1908ஆம் ஆண்டு சிட்னியில் தொமி பேர்ன்ஸை வென்று, ஜாக் ஜோன்சன் என்ற கறுப்பர் உலகப் பட்டத்தைப் பெற்றார். வென்றவரைப் போற்றுவதற்குப் பதிலாக, அவரை வீழ்த்தக்கூடிய வெள்ளையரைத் தேடுவதிலேயே பத்திரிகைகள் முனைந்தன. ஓய்வுபெற்றிருந்த ஜெஃப்ரிஸ் அழைத்துவரப்பட்டார். 1910இல் ரீனோ நகரில் அவரும் தோற்றார். 1938இல் ஜோ லூயிஸ், ஜெர்மானியரான ஷ்மெலிங்கை முதற் சுற்றிலேயே வீழ்த்தினார். அப்போது அதே அமெரிக்கா ஒரு கறுப்பரைத் தன் தேசிய வீரராகக் கொண்டாடியது. எதிரே நின்றவர் நாஜி ஜெர்மனியின் பிரதிநிதியாகக் கருதப்பட்டமையே காரணம். ஆனால் லூயிஸ் பின்னர் சேர்ந்த இராணுவமோ கறுப்பரையும் வெள்ளையரையும் பிரித்து வைத்திருந்த இராணுவம். 1967இல், வியட்நாம் போர் நடந்த நாளில், படையிற் சேர மறுத்த முகம்மது அலியின் பட்டம் பறிக்கப்பட்டது. 1996இல் அத்லாந்தா ஒலிம்பிக் தீபத்தை ஏற்றும் பெருமை அவருக்கே அளிக்கப்பட்டது. மனிதர் அவரே. தராசைப் பிடித்தவர்களின் தேவைதான் மாறியிருந்தது.

தராசைப் பற்றி மலையகத்து வாசகருக்கு அதிகம் விளக்க வேண்டியதில்லை. கொழுந்து நிறுக்கும் வேளையில் கூடைக்கென்றும் ஈரத்துக்கென்றும் சில கிலோ கழிக்கப்படுவதை நம் தாய்மார் தலைமுறை தலைமுறையாகக் கண்டு வந்திருக்கிறார்கள். ஈரக் கொழுந்தின் நிறை கூடும் என்பது உண்மையே. ஆனால், எவ்வளவு கழிப்பது என்று தீர்மானிப்பவர் யார்? கேள்வி அதுதான்.

இந்தக் கேள்வியோடு நம்மவர் ஒருவரை நோக்குவோம். தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்ய 1920இல் தென்னிந்தியாவிலிருந்து வந்த ஒருவரின் பேரர், கண்டியிற் பிறந்த முத்தையா முரளிதரன். டெஸ்ட் கிரிக்கெட்டில் அவர் வீழ்த்திய விக்கெட்டுகள் 800. வேறெவரும் அந்த எண்ணிக்கையை எட்டியதில்லை. நடுவரின் புள்ளியை நம்பி நிற்கும் குத்துச்சண்டையில் பாரபட்சம் புகலாம். எண்ணிக்கையே சாட்சி சொல்லும் ஆட்டத்தில் அதற்கு இடமேது என்று தோன்றும். நடந்ததோ வேறு.

1995 டிசம்பர் 26ஆம் திகதி மெல்பேண் மைதானத்தில், அவர் பந்தை வீசவில்லை, எறிகிறார் என்று கூறி நடுவர் டரல் ஹெயர் ஏழு முறை 'நோ போல்' அறிவித்தார். முரளிதரனின் முழங்கை பிறவியிலேயே முழுதும் நிமிராதது என்பதை 1996இல் நடந்த பரிசோதனைகள் காட்டின. ஆயினும் 1999இல் அடிலெயிட்டில் மற்றொரு நடுவர் அதே குற்றத்தைச் சாட்டினார். 2004இல் அவுஸ்திரேலியப் பிரதமர் ஜோன் ஹவார்ட்டே அவரை எறிபவர் என்றார். ஒரு நாட்டின் பிரதமர் அயல்நாட்டு வீரரொருவரின் முழங்கையைப் பற்றித் தீர்ப்புக் கூறியதை என்னவென்பது?

எனினும் உண்மையை முழுதாகச் சொல்வதே விமர்சனத்தின் கடமை. ஐயப்பட்டோர் அனைவரும் நிறவெறியர் அல்லர். அவரை மிகக் கடுமையாகச் சாடியவர்களுள் ஒருவர் இந்தியரான பிஷன் பேடி. 2004 பரிசோதனையில் முரளிதரனின் 'தூஸ்ரா' பந்து அன்றைய எல்லையாகிய 5 பாகையை மீறியதும் உண்மை. ஆனால் நுண்கருவிகளால் ஏனையோரையும் அளந்தபோது, சுத்தமான கை என்று புகழப்பட்டவர்களில் பெரும்பாலோரின் முழங்கையும் ஓரளவு மடங்கி நிமிர்வது தெரியவந்தது. எனவே 2005 முதல் எல்லோருக்கும் 15 பாகை என்ற ஒரே அளவு வந்தது. ஈரம் எல்லாக் கூடையிலும் இருந்தது. கழிக்கப்பட்டதோ ஒரு கூடையில்.

தரவரிசைகளையும் பாருங்கள். 2000ஆம் ஆண்டு 'விஸ்டன்' ஏடு, நூறு பேரின் வாக்கைக் கொண்டு நூற்றாண்டின் ஐந்து வீரர்களைத் தெரிந்தது. பந்துவீச்சுக்காக இடம்பெற்றவர் அவுஸ்திரேலியரான ஷேன் வோர்ன். 2002இல் அதே விஸ்டன், கணக்கிட்டு வரிசைப்படுத்தியபோது முதலிடம் முரளிதரனுக்குக் கிடைத்தது. 2000இல் அவருடைய சாதனை பாதி வழியிலேயே இருந்தது என்பதை ஒப்புக்கொள்வோம். அவருடைய விக்கெட்டுகளில் 176 பங்களாதேஷ், சிம்பாப்வே அணிகளிடம் பெற்றவை என்பாரின் வாதத்தையும், அவுஸ்திரேலிய மண்ணில் அவர் 12 விக்கெட்டுகளே எடுத்தார் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. நம்மவர் என்பதற்காகத் தராசில் விரலை வைப்பதும் அதே குற்றந்தான். ஆனால் வலிமைமிக்க அவுஸ்திரேலிய அணிக்கு எதிராக வோர்ன் ஒருநாளும் பந்துவீச நேரவில்லை என்பதையும் சேர்த்தே நிறுக்க வேண்டாமா?

இனி நம் வீட்டுத் தராசுக்கு வருவோம். 1996 மார்ச் 17ஆம் திகதி லாகூரில் இலங்கை உலகக் கிண்ணத்தை வென்றது. முரளிதரனை நாடு முழுவதும் தன் மகனாகக் கொண்டாடியது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராக்கப்பட்ட மக்களில் ஒரு பகுதியினர் அன்றும் எந்த நாட்டின் பிரஜையுமாக இல்லாமல் லயங்களில் வாழ்ந்தனர். அவர்களுக்குப் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் வந்தது 2003இல்தான். பேரனுக்கு முதல் வரிசை. அதே கப்பலில் வந்தவர்களின் பேரர்களுக்கு வரிசையே இல்லை!

தமிழகத்துத் தராசும் நேரானதன்று. 2020இல் '800' என்ற திரைப்படத்தில் அவராக நடிக்கவிருந்த விஜய் சேதுபதி, எதிர்ப்புகளுக்குப் பின் விலக நேர்ந்தது. வேறொருவர் நடித்து அப்படம் 2023இல் வெளிவந்தது. முரளிதரன் 2019இல் கோத்தாபய ராஜபக்சவை ஆதரித்தார். போரின் முடிவைப் பற்றியும் பேசினார். அந்த அரசியலை எதிர்க்க நமக்கு உரிமையுண்டு. இக்கட்டுரையாளனும் அதனை ஏற்கவில்லை. ஆயின், அரசியலை அரசியலாகவே எதிர்க்க வேண்டும். தமிழர் என்ற ஒரே சொல்லுக்குள் மலையகத்தின் தனி வரலாற்றை மூடிவிட்டு, அவரை இனத்துரோகி என்பது ஆராய்ச்சியன்று. பிறப்பை வைத்து ஒருவரைப் போற்றுவதும், பிறப்பு விதித்த கடமையில் தவறினாரென்று தூற்றுவதும் ஒரே நாணயத்தின் இரு பக்கங்கள்.

இத்தனை தராசுகளுக்கும் அப்பால் இன்னுமொன்று உண்டு. முரளிதரனின் தந்தையார் கண்டியில் பிஸ்கட் தொழில் நடத்தியவர். மகன் பயின்றது பெயர்பெற்ற புனித அந்தோனியார் கல்லூரியில். இது அவருடைய திறமையைக் குறைக்காது. ஆனால் அத்திறமை கண்டுகொள்ளப்பட்ட வழியை இது காட்டுகிறது. நான் கற்பிக்கும் பாடசாலையில் சமதரையான மைதானம் இல்லை. தேயிலைச் சரிவுக்கும் பாதைக்கும் இடையிலுள்ள துண்டு நிலத்தில் பிள்ளைகள் பந்தாடுகிறார்கள். பந்து உருண்டு போனால் அன்றைய ஆட்டம் முடிந்தது. அவர்களுள் ஒருவன் மணிக்கட்டைச் சுழற்றி வீசும் பந்தை நான் வியந்து பார்த்ததுண்டு. பத்தாம் வகுப்போடு அவன் கொழும்பில் ஒரு கடைக்கு வேலைக்குப் போய்விட்டான்.

வீரர்களை வரிசைப்படுத்தும் பட்டியலைக் காணும்போது, யார் முதலிடம் என்று கேட்பதோடு நாம் நின்றுவிடலாகாது. நிறுத்தவர் யார், எதனைக் கழித்தார் என்று கேட்க வேண்டும். நிறுவைக்கே வராமற் போனவர்கள் எத்தனை பேர் என்பதையும் கேட்க வேண்டும். ஆசிரியர்களும் மாணவர்களும் இக்கேள்வியைத் தத்தம் பாடசாலையின் விளையாட்டு நிலத்திலிருந்தே தொடங்கலாம்.